பழைய டிஷ்வாஷர் வாங்குமுன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்: வேலூர் வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

நான் வாங்கிய முதல் பழைய டிஷ்வாஷர் 14 மாதம்தான் ஓடியது. தண்ணீர் சூடாகவில்லை என்று மெக்கானிக்கை அழைத்தேன். அவர் ஹீட்டரைக் கழற்றி வெளியே எடுத்தபோது கம்பியே கண்ணுக்குத் தெரியவில்லை. சுண்ணாம்புக் கல் மாதிரி வெள்ளையாக ஒன்று அதைச் சுற்றிப் படிந்து இறுகியிருந்தது. ஒரு சில்லை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "மெஷினு நல்ல மெஷினுதாண்ணா. இது உங்க போர் தண்ணி."

அடுத்து வாங்கியது நாலாவது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கும்போதே அதற்கு 12 வயது. முதல் மெஷினைவிடப் பழையது, விலையும் குறைவு, 6,500 ரூபாய். இரண்டாவது தடவை மெஷினைத் தேடிப் போவதற்கு முன்னால் வீட்டுத் தண்ணீரைச் சரிசெய்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கி, குழம்புச் சட்டியைத் தேய்க்க முடியாமல் போனதால் எங்கள் வீட்டுக்குள் வந்த பொருள் இது. இன்று அம்மாவே அடுக்கி, அம்மாவே பட்டனைத் திருப்புகிறார். அதே தேவையோடு வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் பழைய மெஷின் தேடுகிறவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் தண்ணீர்

மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. கோயிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981லேயே திரும்பி வந்துவிட்டார். ஆறு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பாலாற்றில் வெள்ளம் வரும் வருஷங்களைத் தவிர நம்மில் பலர் வீட்டில் நம்பியிருப்பது போர் தண்ணீரை. பாறைக்குள் இருந்து வரும் தண்ணீர் அது. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் கடினத்தன்மை. பச்சைத் தண்ணீராக இருக்கும்வரை அவை கரைந்தே இருக்கும். சூடேறியதும் கல்லாகப் படியும். டிஷ்வாஷரோ 50 முதல் 70 டிகிரி வரை தண்ணீரைச் சூடாக்கித்தான் வேலை செய்கிறது.

இங்கே பெரும்பாலானவர்கள் ஒரு இடத்தில் ஏமாந்துபோகிறோம். குடிநீர் மெஷின் பொருத்த வருகிறவர் பேனா மாதிரி ஒரு கருவியை டம்ளரில் விட்டு எண் காட்டுவார். அது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தம். கடினத்தன்மை வேறு. இரண்டு வீட்டில் ஒரே டிடிஎஸ் இருக்கலாம், ஒன்றில் ஹீட்டர் கல்லாகும், இன்னொன்றில் ஆகாது. நமக்கு வேண்டியது கடினத்தன்மையின் எண். மீன் தொட்டி சாமான் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் சொட்டு மருந்து மாதிரியான சோதனைக் கிட் கிடைக்கிறது. இத்தனை மில்லி தண்ணீரில் இத்தனை சொட்டு விட்டதும் நிறம் மாறினால் இவ்வளவு என்று அட்டையிலேயே போட்டிருக்கும். கச்சிதமாக வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம்.

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. சத்துவாச்சாரியில் எங்கள் போர் தண்ணீர் 640 காட்டியது. ஒரு சுற்றுக்கு 12 லிட்டர் எடுக்கும் மெஷினுக்குள் அந்தத் தண்ணீர் போனால், ஒவ்வொரு தடவையும் ஏழரை கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளே நுழைகிறது. வருஷத்துக்கு 300 தடவை என்றால் 2 கிலோவைத் தாண்டும். அவ்வளவும் படியாது, வெளியேறும் தண்ணீரோடு பெரும்பகுதி போய்விடும். ஆனாலும் 14 மாதத்தில் ஹீட்டரை மூட மீதி இருந்தது போதும்.

ஐரோப்பிய வகை மெஷின்களின் அடியில் தண்ணீரை மென்மையாக்கும் ஒரு அறை, அதாவது சாஃப்ட்னர், இருக்கிறது. அதில் உள்ள சிறு மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்துபோனதும் உப்புக் கரைசலால் கழுவினால் மறுபடியும் பிடிக்கத் தொடங்கும். டிஷ்வாஷருக்கு உப்புப் போடுவதன் காரணம் இதுதான், பாத்திரத்துக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. மெஷினின் கையேட்டில் கடினத்தன்மையை ஜெர்மன் டிகிரியில் கேட்பார்கள். நம் எண்ணை 17.8ஆல் வகுத்தால் அது கிடைக்கும். எங்கள் 640 என்பது 36 டிகிரி. பல மெஷின்கள் 50 டிகிரி வரைதான் சமாளிக்கும், அதாவது சுமார் 890. அந்த எல்லையை நெருங்க நெருங்க உப்பு மளமளவென்று தீரும். என் முதல் மெஷினில் இந்த அளவை யாரோ எப்போதோ மிகக் குறைந்த எண்ணில் வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்க்கவே இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பகுதிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தண்ணீரின் உவர்ப்பைச் சாஃப்ட்னர் நீக்காது. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மட்டும்தான் மாற்றும். மீதமுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில் பழைய மெஷின் வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

எனக்கு உதவியது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீர். கிட்டில் அது 180 காட்டியது, 10 டிகிரிதான். தொட்டியில் போர் தண்ணீரோடு கலந்துகொண்டிருந்ததால் அந்த நன்மை எங்களுக்குக் கிடைக்காமல் இருந்தது. மொட்டை மாடியில் 200 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, குழாய்த் தண்ணீரை மட்டும் அதில் ஏற்றி, அங்கிருந்து மெஷினுக்கென்று ஒரு பைப் இறக்கினோம். ஒரு தடவை நிரப்பினால் 16 சுற்று வரும். தண்ணீர் சில நாள் வராவிட்டாலும் கவலையில்லை.

தொட்டியின் உயரம் முக்கியம். 10 மீட்டர் உயரம் ஒரு பார் அழுத்தம் தரும். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.5 பார் தேவை, சிலவற்றுக்கு 0.3 போதும். தரைத்தள வீட்டில் மாடித் தளத்திலேயே தொட்டியை உட்காரவைத்தால் சுமார் 11 அடி, அதாவது 0.33 பார்தான். மெஷின் தண்ணீருக்காகக் காத்திருந்து காத்திருந்து நின்றுவிடும். நாங்கள் 6 அடி இரும்பு ஸ்டாண்டு போட்டோம். 17 அடி ஆனதும் 0.5 பார் வந்துவிட்டது. ஸ்டாண்டுக்கு இடமில்லாதவர்கள் சின்ன பிரஷர் பம்ப் பொருத்தலாம். பைப்பில் வரவு போதுமா என்று பார்க்க 10 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். ஒரு நிமிஷத்தில் நிரம்ப வேண்டும்.

எந்தப் பழசு, எது வேண்டாம்

1886ல் அமெரிக்காவின் ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பாத்திரம் கம்பிக் கூட்டில் அசையாமல் இருக்க, தண்ணீர் வேகமாக வந்து அடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வழி. இன்றைய மெஷினும் அதே வழியில்தான் கழுவுகிறது. அதனால் பழசு என்று பயப்பட வேண்டாம். 15 வருஷத்து மெஷினும் நன்றாகவே கழுவும்.

ஆனால் மிகப் பழையது தண்ணீர் குடிக்கும். 1994க்கு முந்தைய அமெரிக்க மெஷின்கள் ஒரு சுற்றுக்கு 38 லிட்டருக்கு மேல் எடுத்தன. நம் ஊருக்கு அது கட்டாது. நல்ல நிலையில் உள்ள, 15 வயதுக்கு உட்பட்ட, உப்பு அறை உள்ள மெஷின் என்பது என் வரம்பு. கீழ்க் கூடையைத் தூக்கிப் பாருங்கள். அடித்தளத்தில் திருகி மூடும் பெரிய மூடி இருந்தால் அதுதான் உப்பு அறை. இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

வளைகுடாவில் இருந்து திரும்பும்போது கொண்டுவந்த மெஷின்கள் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் விலைக்கு வரும். பின்பக்கத் தகட்டைக் கட்டாயம் படியுங்கள். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்மிடம் 50. வோல்ட் ஒத்துப்போனாலும் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றி, சூடாகி, சீக்கிரம் கருகும். துபாய், குவைத், ஓமான் மெஷின்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அங்கும் 50தான். தகட்டில் 50/60 என்று போட்டிருந்தால் எங்கிருந்து வந்ததென்று கேட்க வேண்டாம். அமெரிக்காவில் இருந்து வந்த 120 வோல்ட் மெஷினை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். வோல்ட்டை அது மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

குமிழ் திருப்பும் மெஷினா, எலக்ட்ரானிக் கார்டு உள்ளதா என்று கேட்டால் நான் குமிழ் பக்கம். உள்ளே பல்சக்கர டைமர் மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு வேலையாகத் தொடங்கிவைக்கும். கரண்ட் போனால் நின்ற இடத்தில் நிற்கும், வந்தால் அங்கிருந்தே தொடரும். பழுதானால் நம் ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பார்த்துவிடுவார். கார்டு போனால் அந்த மாடலுக்கான கார்டு கிடைப்பதே பெரிய வேலை.

வயதை விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாஷ், சீமென்ஸ் மெஷின்களில் கதவின் விளிம்பில் எஃப்டி என்று தொடங்கும் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கத்தோடு 20ஐக் கூட்டினால் வருஷம், கடைசி இரண்டும் மாதம். 8903 என்றால் 89ம் 20ம் 109, அதாவது 2009 மார்ச். மற்ற கம்பெனி மெஷின்களில் மாடல் எண்ணை எழுதி வந்து, ரப்பரும் பம்பும் இப்போது கிடைக்கின்றனவா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

விற்பவர் வீட்டில்

காட்பாடியில் பேராசிரியர்களும் வேலூரில் மருத்துவர்களும் வேறு ஊருக்கு மாறும்போது வீட்டுச் சாமான்களை விற்பார்கள். என் இரண்டாவது மெஷின் காந்தி நகரில் அப்படிக் காலி செய்துகொண்டிருந்த ஒரு வீட்டில் கிடைத்தது. காயலான் கடையில் வாங்குவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் வீட்டிலேயே வாங்குவது எவ்வளவோ மேல். ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லலாம். அந்த வீட்டு அம்மா, "சாப்டு கழுவ வேண்டிய தட்டெல்லாம் இருக்கு சார், போட்டே காட்டறேன்" என்று சொன்னபோதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

டார்ச் லைட், ஒரு மல்டிமீட்டர், பழைய துண்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். கதவைத் திறந்ததும் மூக்கால் பாருங்கள். சிக்குநாற்றம் கழுவினால் போகும். கருகிய பிளாஸ்டிக் வாடை போகாது. கதவைப் பாதித் திறப்பில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும், தொப்பென்று விழுந்தால் ஸ்பிரிங் போய்விட்டது. ஓரத்து ரப்பரை விரலால் அழுத்துங்கள், மெத்தென்று இருந்தால் சரி. அடியில் உள்ள வடிகட்டியைத் திருகி எடுத்து உள்ளே டார்ச் அடியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பரவாயில்லை. வெள்ளைக் கல் தடிமனாக இருந்தால் என் முதல் மெஷினின் கதைதான். தண்ணீர் பீய்ச்சும் விசிறிக் கைகளைக் கழற்றி ஆட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் கல்லும் விதையும் அடைத்திருக்கிறது, குண்டூசியால் எடுத்துவிடலாம். கம்பிக் கூடையில் பூச்சு உரிந்து துரு கிளம்பியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். உள்சுவரின் அடி மூலையில் துரு துளைத்திருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

கீழே முன்பக்கம் உள்ள சிறு பலகையைக் கழற்றினால் அடித்தட்டு தெரியும். உலர்ந்த வெள்ளைக் கோடுகள் இருந்தால் எங்கிருந்தோ கசிகிறது. கரப்பான் எச்சம் நிறைய இருந்தால் கார்டு உள்ள மெஷினை வாங்காதீர்கள். சூடும் இருட்டும் கரப்பானுக்குப் பிடிக்கும், கார்டின் மேல்தான் குடியிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 22 முதல் 30 ஓம் காட்ட வேண்டும். 2,400 வாட் ஹீட்டருக்கு 22, 1,800 வாட்டுக்கு 29 என்று கணக்கு. ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. பழைய ஹீட்டர் ஈரம் குடித்து, மெஷினின் உடம்புக்குக் கரண்ட் கசியவிடுவதும் உண்டு. சாதாரண மீட்டர் அதைக் காட்டாது. மெக்கர் என்ற கசிவு சோதிக்கும் மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை அழைத்துப்போனால், 500 வோல்ட்டில் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்.

இதெல்லாம் முடிந்து ஒரு முழுச் சுற்று. தண்ணீர் ஏறும் சத்தம், அப்புறம் பம்பின் சீரான இரைச்சல். 20 நிமிஷம் கழித்துக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தால் ஆவி அடிக்க வேண்டும். முகத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு திறங்கள். கடைசியில் தண்ணீர் முழுக்க வெளியேற வேண்டும். "இப்ப பைப் கனெக்‌ஷன் இல்லை, ஆனா ஓடும்" என்பவரிடம் ஒரு வழி இருக்கிறது. 4 லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றி, ஹோஸ் முனையைப் பக்கெட்டில் வைத்து, வெளியேற்றும் நிலையில் ஓட்டுங்கள். ஒரு நிமிஷம் போலக் காலியானால் பம்ப் நல்லது. ஹீட்டர் அப்போதும் சந்தேகம்தான், விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றி வருவது

மெஷின் 40 முதல் 55 கிலோ வரை இருக்கும். குட்டி யானையில் நிற்கவைத்தே கொண்டுவாருங்கள். படுக்கவைத்தால் உள்ளே தேங்கிய உப்புத் தண்ணீர் ஒயர்கள் மேல் வழியும். கூடைகளைத் தனியாக எடுத்துக்கொண்டு, கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

இடமும் குழாயும்

பெரிய மெஷின் 60 செ.மீ. அகலம், 60 ஆழம், மேல்பலகையோடு 85 உயரம். அந்தப் பலகையைக் கழற்றினால் சில மாடல்கள் 82க்குள் அடங்கும். நம் வீட்டுக் கடப்பா மேடை பெரும்பாலும் 32, 33 அங்குலம், அதாவது 81 முதல் 84 செ.மீ. அதனால் மேடையின் அடியில் நுழையும் என்று கற்பனை செய்யாமல் டேப் வைத்து அளந்துவிடுங்கள். கதவு திறக்க முன்னால் இன்னொரு 60 செ.மீ. வேண்டும், ஆள் நிற்க இடமும் வேண்டும். நாங்கள் பின்கட்டில், துவைக்கிற இடத்துக்கு அருகில் வைத்தோம். மழைச்சாரல் படக்கூடாது.

தரைக்கு வாட்டம் விட்டிருப்பார்கள், அதனால் மெஷின் சாய்ந்து நிற்கும். ரசமட்டத்தைக் கதவின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கால்களைத் திருகிச் சமப்படுத்துங்கள். சாய்வு இருந்தால் கதவோரம் கசியும், ரப்பர் போய்விட்டதென்று நினைத்துச் செலவு செய்வோம். தனியாக நிற்கும் மெஷினில் இரண்டு கூடையையும் நிறைத்து ஒன்றாக இழுத்தால் முன்னால் கவிழும். சுவரோடு பிடித்துக் கட்டிவிடுவது நல்லது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம்.

தண்ணீர் ஹோஸின் மரை முக்கால் இன்ச், நம் ஆங்கிள் வால்வு அரை இன்ச். ஹார்டுவேர் கடையில் வாஷிங் மெஷின் டேப் என்று கேட்டால் சரியான மூக்கோடு கிடைக்கும். பழைய ஹோஸைப் பயன்படுத்தாதீர்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ரப்பர் விரிந்திருக்கும், நடு இரவில் பிய்த்துக்கொண்டால் வீடே மிதக்கும். புது ஹோஸ், புது வாஷர். இணைப்பதற்கு முன் டேப்பைத் திறந்து ஒரு பக்கெட் தண்ணீர் விட்டுவிடுங்கள். பைப் அறுத்தபோது விழுந்த பிளாஸ்டிக் துருவல் எல்லாம் வரும். வால்வின் வாயில் உள்ள சின்ன வலையையும் கழுவிப் போடுங்கள்.

எங்கள் பிளம்பர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணிண்ணா குடுக்கணும்? போரா, காவேரியா?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்கிற பிளம்பரை விட்டுவிடாதீர்கள்.

கழிவு ஹோஸ் தரையில் இருந்து 40 செ.மீ. ஆவது மேலே ஏறி வளைந்து, பிறகு கழிவுக் குழாய்க்குள் இறங்க வேண்டும். தரையோடு விட்டால் கழுவும் தண்ணீர் தானாகவே இழுபட்டு ஓடிவிடும், மெஷின் மறுபடி மறுபடி நிரப்பும். ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றினால் பழைய பம்ப் திணறும். ஹோஸ் முனையைக் குழாய்க்குள் இறுக்கி அடைக்காமல், காற்று போக இடைவெளி விட்டு வையுங்கள். நம் வீடுகளில் கழிவு நேராகத் தெருக் கால்வாய்க்குப் போவதால் பெருச்சாளி ஏறிவந்து ஹோஸைக் கடிக்கும். வெளி முனையில் இரும்பு வலை வைத்தே ஆக வேண்டும்.

கரண்ட்

இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஹீட்டர் ஓடும்போது 10 ஆம்பியர் வரை இழுக்கும். மின்பெட்டியில் இருந்து தனி லைன், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்ஸ் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), 16 ஆம்ஸ் பவர் பிளக். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. பிளக் பாயின்ட் மெஷினின் பின்னால் இல்லாமல், பக்கத்தில் கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

தண்ணீரும் கரண்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பழைய பொருள் இது. எர்த் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லுங்கள். வட ஆற்காட்டு வெயிலில் மே மாதம் எர்த் குழி வறண்டுபோகும், அதில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் காரணத்தோடு வந்தது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் அதை முதலில் போட்டுவிட்டு மெஷினை இணையுங்கள். போட்ட பிறகு அது அடிக்கடி விழுந்தால், ஆர்சிசிபி மேல் பழி போட்டுக் கழற்றிவிடக் கூடாது. ஹீட்டர் கசிகிறது என்று அது சொல்கிறது.

முதல் ஓட்டம்

உப்பு அறையை முதல் தடவை திறக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் டிஷ்வாஷர் உப்பைப் போடுங்கள், ஒரு கிலோவுக்கு மேல் பிடிக்கும். தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் அயோடினும் இருக்கின்றன. சந்தைக் கல்லுப்பில் மண்ணும் மக்னீசியமும் இருக்கின்றன. இரண்டுமே மணிகளைக் கெடுக்கும். மூடியின் ஓரத்தில் சிந்திய உப்பைத் துடைத்துவிட்டு உடனே ஒரு சுற்று ஓட்டுங்கள், தேங்கினால் எஃகை அரிக்கும். கடினத்தன்மை எண்ணையும் இப்போதே சரியாக வைத்துவிடுங்கள்.

அந்த முதல் சுற்று பாத்திரம் இல்லாமல். லாங்கு பஜார் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கிடைக்கும். 100 முதல் 150 கிராம் வரை அடித்தளத்தில் தூவி, அதிகச் சூட்டில் ஓட்டுங்கள். முன் ஆள் வீட்டுச் சுண்ணாம்பு கரைந்து வெளியேறும். பாதியில் நிறுத்தி வடிகட்டியைக் கழுவிவிட்டுத் தொடருங்கள், உரிந்த சில்லுகள் நிறைய வரும். பிளீச்சிங் பவுடரை அதோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். ஓடும் நேரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, இணைப்புகளின் அடியில் பேப்பரை விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுக்கும்.

நம் பாத்திரங்கள்

எவர்சில்வருக்கும் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் இந்த மெஷின் வரம். இட்லித் தட்டு, டிபன் கேரியர், டம்ளர் எல்லாம் பளிச்சென்று வரும். அலுமினியம் போடாதீர்கள். டிஷ்வாஷர் பவுடரின் காரம் பட்டுக் கறுத்துவிடும். பிரியாணி தேக்சா, அலுமினிய குக்கர், பித்தளை, செம்பு, கல்சட்டி, மண்சட்டி, இரும்பு தோசைக்கல், மரக்கரண்டி எல்லாம் கையால்தான். மிக்ஸி ஜாரை அடியில் உள்ள பிளேடு பேரிங்கோடு போட்டால் அது இறுகிவிடும்.

தட்டுகளைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் போடுவது வீண். பவுடரில் உள்ள என்சைம்கள் மாவுச்சத்தையும் புரதத்தையும் தின்றுதான் சுத்தம் செய்கின்றன, அவற்றுக்கு வேலை இருக்கட்டும். எலும்பு, கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு, கத்திரிக்காய்க் காம்பு மட்டும் வழித்துப் போட்டுவிடுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் கொத்சு செய்த அன்று அதன் விதைகள் எங்கள் விசிறிக் கையின் ஓட்டைகளை அடைத்துவிட்டன. அதிலிருந்து கொத்சுப் பாத்திரத்தை ஒரு தடவை அலசியே வைக்கிறோம். பிரியாணி நெய் ஒட்டிய தட்டுகளுக்கு 65, 70 டிகிரிச் சுற்று வேண்டும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே கை வைக்க முடியாத சூட்டில் இறங்குவதால், அந்த மாதங்களில் ஹீட்டருக்கு வேலை குறைவு.

வாயகன்ற பாத்திரங்களைக் கவிழ்த்து, கொஞ்சம் சாய்த்து அடுக்குங்கள். தட்டின் முகம் நடுவைப் பார்க்கட்டும். கதவை மூடுமுன் விசிறிக் கையைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள், கரண்டிக் காம்பு எதிலும் இடிக்கக் கூடாது. கையால் கழுவப் பயன்படுத்தும் லிக்விடை ஒரு சொட்டும் விடாதீர்கள். நுரை கதவு வழியாகப் பொங்கி அடித்தட்டுக்குள் இறங்கும். யாராவது தெரியாமல் ஊற்றிவிட்டால் மெஷினை நிறுத்தி, நுரையின் மேல் ஒரு கைப்பிடி உப்பைத் தூவினால் அடங்கும். அப்புறம் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, ஒரு தடவை அலசவிடுங்கள்.

பழைய மெஷின்கள் பாஸ்பேட் கலந்த பவுடர் காலத்தில் செய்யப்பட்டவை. இப்போதைய பவுடர்களில் பல நாடுகள் பாஸ்பேட்டைக் குறைத்துவிட்டன, ஐரோப்பாவில் 2017ல் இருந்து அதற்கு வரம்பு உண்டு. பாஸ்பேட் கடினத் தண்ணீரையும் ஓரளவு சமாளித்துக் கொடுத்தது. இன்று அந்த உதவி இல்லை. டம்ளரில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் பவுடரைக் கூட்டாதீர்கள், முதலில் உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரின்ஸ் எய்டு, அதாவது கடைசி அலசலில் சேரும் திரவம். பூச்சு எலுமிச்சைச் சாறு பட்டுப் போனால் அது சுண்ணாம்பு, போகாவிட்டால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வடிகட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எலுமிச்சை உப்பு, மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரை மறுபடி ஒரு சோதனை. ஊருக்குப் போகும்போது டேப்பை மூடி, கதவை ஒரு விரல் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். அம்மா அந்த இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வைப்பார், அதுவே போதும்.